பெண் உடை உடுத்த விரும்பும் பிள்ளைக்குப் பெற்றோர் துணை நிற்பது எப்படி

கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் 22 ஆண்டுகளாக வீட்டிலேயே தையல் வேலை செய்து வருகிறேன். என் பிள்ளைக்கு 19 வயதானபோது, ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், எந்திரத்தின் மேல் கிடந்த அளவு நாடாவை எடுத்துத் தன் தோளுக்குக் குறுக்கே பிடித்துப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒரு சுடிதார் தைக்கணும்னா எத்தனை மீட்டர் துணி வேணும்மா?" என்று கேட்டது. ஆண் பிள்ளையாகப் பிறந்து, ஆண் பிள்ளையாக வளர்ந்த பிள்ளை. சக்கரத்தின் மேல் இருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. ஆனால் வாயிலிருந்து தொழில் பழக்கத்தில் விடை வந்துவிட்டது: "டாப்புக்கு ரெண்டரை, பேண்டுக்கு ரெண்டரை, மக்களே." அன்று அதற்கு மேல் நாங்கள் பேசவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்பதற்குப் பிள்ளை ஏழு மாதம் காத்திருந்தது என்பதும், நான் 'ஏன்' என்று கேட்காமல் அளவைச் சொன்னதால்தான் மறுநாள் மீதியைச் சொல்லும் துணிவு வந்தது என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தன.

என்னிடம் துணி தைக்க வரும் பெண்களில் இரண்டு பேர், வேறு வேறு காலத்தில், தங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருப்பதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். என்ன செய்வது என்று அவர்கள் கேட்டதற்கு நான் சொன்னவற்றையும், சொல்ல மறந்தவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். என் பிள்ளை தனக்கென்று எந்தப் பெயரையும் அடையாளத்தையும் இன்னும் முடிவு செய்துகொள்ளவில்லை. ஆகவே இதில் அவன் என்றோ அவள் என்றோ எழுதாமல் பிள்ளை என்றே எழுதுகிறேன். நம் மாவட்டத்தில் மகனையும் மகளையும் 'மக்களே' என்றுதான் கூப்பிடுகிறோம். அந்தச் சொல் எங்கள் வீட்டில் மாறவேண்டிய தேவையே வரவில்லை.

சொன்ன அன்றும் மறுநாளும்

பிள்ளை எதைக் கேட்டதோ அதற்கு மட்டும் முதலில் விடை சொல்லுங்கள். துணியைப் பற்றிக் கேட்டால் துணியைப் பற்றிப் பேசுங்கள். வளையலைப் பற்றிக் கேட்டால் வளையலைப் பற்றிப் பேசுங்கள். "யார் உனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார்கள்", "நாளைக்குக் கல்யாணம் என்னாகும்", "அப்பாவுக்குத் தெரிந்தால் என்னாகும்" ஆகிய மூன்று கேள்விகளும் நம் எல்லோருடைய நாக்கின் நுனியிலும் வந்து நிற்கும். மூன்றும் நம்முடைய பயத்திலிருந்து எழுகிற கேள்விகள். அவற்றுக்கு விடை சொல்லும் பொறுப்பைப் பிள்ளையின் தலையில் ஏற்றக்கூடாது.

அந்த நாளில் உண்மையிலேயே கேட்கவேண்டியவை சிறிய கேள்விகள். எந்த உடுப்பு பிடித்திருக்கிறது, வீட்டுக்குள் மட்டும் உடுத்தவா வெளியிலுமா, எவ்வளவு நாளாக மனதில் இருக்கிறது என்று கேட்கலாம். இவற்றைவிட முக்கியமானது, "இது இப்போது எனக்குத் தெரியும், வேறு யாருக்குத் தெரியலாம், யாருக்குத் தெரியக்கூடாது" என்ற கேள்வி. அதற்குப் பிள்ளை சொல்லும் விடையை அப்படியே காப்பாற்றுங்கள். கூடப்பிறந்த அக்காவாக இருந்தாலும், உயிர்த்தோழியாக இருந்தாலும், பிள்ளையின் சம்மதம் இல்லாமல் சொல்லிவிட்டால் அந்த வீட்டில் மறுபடியும் ஒரு கேள்வி பிறக்காது. நான் ஒருமுறை என் மைனியிடம் பாதி சொல்லிவிட்டு மீதியை விழுங்கினேன். அந்தப் பாதியைச் சரிசெய்ய ஒரு மாதம் ஆயிற்று.

பெயர் சூட்டும் அவசரமும் வேண்டாம். பெண் உடையை விரும்புகிற ஆண் பிள்ளைகள் எல்லோரும் திருநங்கைகள் என்று சொல்லமுடியாது. சிலருக்கு உடையும் அலங்காரமும் மட்டுமே பிடித்திருக்கும். தன்னை ஆணாகவே உணர்வார்கள். சிலர் உடையின் வழியாகத்தான் தாம் பெண் என்பதை முதன்முதலாக வெளியே சொல்கிறார்கள். இன்னும் சிலருக்கு இரண்டு சொற்களுமே பொருந்துவதில்லை. உள்ளுக்குள் ஒருவர் தன்னை என்னவாக உணர்கிறார் என்பது பாலின அடையாளம். உடை, முடி, நடை, பேச்சு ஆகியவற்றில் அதை எப்படிக் காட்டுகிறார் என்பது பாலின வெளிப்பாடு. இரண்டும் ஒன்றாகவே போகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தடுக்க ஓடுகிற பெற்றோரைப் போலவே, "அப்படியென்றால் நீ இதுதான்" என்று முடிவுகட்டிவிட்டு மருத்துவமனைக்கு ஓடுகிற பெற்றோரும் பிள்ளையைவிட முன்னால் ஓடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

இது நோய் அன்று. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்டு 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில், பிறந்த பாலினத்தோடு உணர்வு பொருந்தாத நிலையை மனநோய்களின் வரிசையிலிருந்து எடுத்துவிட்டது. சென்னை உயர்நீதிமன்றம் 2021 ஜூன் மாதத்தில் வழங்கிய ஆணையில், பாலின அடையாளத்தை 'மாற்றுகிறேன்' என்று சொல்லிச் செய்யப்படும் சிகிச்சை முயற்சிகளைத் தடை செய்தது. அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய சிகிச்சையைத் தொழில் நெறி மீறல் என்று அறிவித்தது. ஆகவே 'சரிசெய்து தருகிறேன்' என்று சொல்லுகிற யாரிடமும், அவர் வெள்ளைக் கோட்டு அணிந்தவராக இருந்தாலும் மந்திரவாதியாக இருந்தாலும், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். கோயிலுக்கும் ஆலயத்துக்கும் வழக்கம்போலக் கூட்டிப் போங்கள். வேண்டுதல் வைப்பது உங்கள் விருப்பம், ஆனால் பேய் ஓட்டுவதுபோல ஒரு கூட்டத்தின் நடுவே பிள்ளையை நிறுத்தும் இடத்துக்கு ஒருநாளும் அழைத்துச் செல்லாதீர்கள்.

முதல் உடுப்பு

இந்தப் பகுதியைத்தான் நான் நீட்டி எழுதப் போகிறேன், ஏனென்றால் எனக்கு நன்றாகத் தெரிந்தது இதுதான். அதோடு, முதல் உடுப்பு உடம்பில் சரியாக உட்காராவிட்டால் பிள்ளை கண்ணாடியில் துணியின் குறையைத் தன் உடம்பின் குறையாகவே பார்க்கும். கடையில் எடுத்த பெண்கள் குர்தாவைப் போட்டுப் பார்த்துவிட்டு, தோளில் இறுகி, கைக்குழியில் வெட்டி, இடுப்பில் தொளதொளவென்று தொங்கியதால் அழுத பிள்ளையை எனக்குத் தெரியும். அந்தக் குர்தாவில் ஒரு தப்பும் இல்லை. அது வேறொரு உடல்வாகுக்கு வெட்டப்பட்டது, அவ்வளவே.

முதலில் வீட்டில் கதவைச் சாத்திவிட்டு அளவெடுங்கள். பிள்ளைக்குக் கூச்சமாக இருந்தால் நாடாவைக் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் சொல்லச் சொல்லப் பிள்ளையே எடுக்கட்டும். ஒரு மெல்லிய பனியனுக்கு மேல் தோள் அகலம், மார்புச் சுற்று, இடுப்புச் சுற்று, பிட்டத்தைச் சுற்றி எடுக்கும் இருப்புச் சுற்று, கை நீளம், கைச் சுற்று, கழுத்தடியிலிருந்து முழங்கால் வரை உயரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆயத்த உடை எடுப்பதாக இருந்தால் மார்பளவைப் பார்த்து எடுக்காதீர்கள், தோளளவைப் பார்த்து எடுங்கள். தோளுக்குச் சரியாக இருக்கிற உடை பக்கவாட்டில் பெரிதாக இருக்கும்; பக்கத் தையலைப் பிடித்துக் குறைப்பது அரை மணி நேர வேலை. தோளை அகலப்படுத்துவது யாராலும் ஆகாத வேலை.

தைப்பதாக இருந்தால் தையல்காரரிடம் நான்கு செய்திகள் சொல்லவேண்டும். முன்பக்கம் மார்பு டாட், அதாவது மார்பு வடிவத்துக்காகத் துணியை மடித்துப் பிடிக்கும் தையல், வேண்டாம். தட்டையான மார்பில் டாட் வைத்தால் அந்த இடத்தில் துணி காற்றுப் பிடித்ததுபோல நிற்கும். கைக்குழியை வழக்கத்தைவிட முக்கால் அங்குலம் இறக்கவேண்டும். கழுத்தை வி வடிவிலோ ஆழமான யு வடிவிலோ வெட்டினால் தோள் அகலம் குறைந்து தெரியும். படகுக் கழுத்து வைத்தால் கூடித் தெரியும். இடுப்புக்குக் கீழே ஏ-லைன் வெட்டிலோ சுருக்கம் வைத்தோ விரித்துவிட்டால், இடுப்பு ஒடுங்கியும் கீழ்ப்பாகம் நிறைந்தும் தோன்றும். பஃப் கை முதல் உடுப்பில் வேண்டாம். முக்கால் கை எல்லோருக்கும் பொருந்தும். நம் ஊரின் உப்புக்காற்றுக்கும் வேர்வைக்கும் பருத்திதான் தாங்கும். பாலியஸ்டர் துணியில் பிள்ளை பத்து நிமிடத்தில் நனைந்துவிடும், அந்த அசௌகரியம் முழுவதும் பெண் உடையின் பெயரில் மனதில் பதிந்துவிடும்.

பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம் அளவு கொடுக்கத் தயக்கமாக இருந்தால், ஏற்கனவே சரிசெய்து வைத்த ஒரு குர்தாவை அளவு உடுப்பாகக் கொடுத்துவிடலாம். ஆள் நேரில் போகத் தேவையில்லை. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ துணி எடுக்கப் போகும்போது முதல் சில முறை அம்மாவோ அக்காவோ போய் எடுத்துவருவது எளிது, ஏனென்றால் உடை மாற்றிப் பார்க்கும் அறையை ஆண், பெண் என்று பிரித்திருக்கும் கடைகளில்தான் பிள்ளைக்கு முதல் காயம் படும். ஆனால் நிறத்தையும் துணியையும் தேர்ந்தெடுப்பது பிள்ளையாக இருக்கட்டும். கடையிலிருந்து வீடியோ அழைப்பில் காட்டினால் போதும். நான் முதல்முறை எனக்குப் பிடித்த இளம் பச்சையை வாங்கி வந்தேன். பிள்ளை நன்றி சொல்லி வாங்கி மடித்து வைத்தது, உடுத்தவில்லை. அதற்கு வேண்டியிருந்தது ஆழ்ந்த மாம்பழ மஞ்சள்.

சேலைக்கு முன் முண்டும் நேரியதும்

பல பிள்ளைகளுக்குச் சேலை உடுத்திப் பார்க்கும் ஆசை இருக்கும். எடுத்தவுடன் பட்டுச் சேலையைக் கொடுக்காதீர்கள், வழுக்கிக்கொண்டே போகும். நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஓணத்துக்கும் திருமணங்களுக்கும் நம் பெண்கள் உடுத்தும் முண்டும் நேரியதும் இரண்டு துண்டு. கீழே உடுத்தும் முண்டு ஏறக்குறைய வேட்டிதான். வேட்டி கட்டிப் பழகிய பிள்ளைக்கு அந்தக் கட்டு கைவந்ததாகவே இருக்கும். நேரியதை முன்புறம் மடிப்பு வைத்து இடுப்பில் செருகி, இடது தோளில் போட்டுக் குத்துவதை மட்டும் புதிதாகக் கற்றுக்கொண்டால் போதும். தெரிந்த ஒன்றிலிருந்து தெரியாத ஒன்றுக்குப் போகும்போது பயம் பாதியாகக் குறைவதை நான் கண்ணால் பார்த்தேன்.

அதன்பிறகு சேலை. ஐந்தரை மீட்டர் நீளமுள்ள மென்மையான பருத்திச் சேலையாக, இரண்டு முறை நீரில் அலசியதாக இருந்தால் மடிப்பு சொன்னபடி நிற்கும். அம்மாவின் பழைய சேலைக்கு நிகர் இல்லை. எந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கப் போகிறதோ அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் சேலை உடுத்தவேண்டும், இல்லாவிட்டால் உயரம் தவறிவிடும். உள்பாவாடை நாடாவை மெல்லிய கயிறாகப் போட்டு இறுக்கிக் கட்டினால் இடுப்பில் வரிவரியாகப் புண் வரும். பெண்கள் பலருக்கு ஆண்டுக்கணக்கில் இருக்கும் தொல்லை அது. இரண்டு அங்குல அகலப் பட்டி வைத்து ஒன்று தைத்துக் கொடுங்கள். ஜாக்கெட்டுக்கு முதலில் இழுபடும் பின்னல் துணியில் ஆயத்தமாகக் கிடைப்பதை வாங்குங்கள். பிள்ளைக்குச் சேலை பிடித்துப்போனால் அப்போது அளவெடுத்துத் தைக்கலாம். பக்கத் தையலில் உள்ளே ஒரு அங்குலம் துணி விட்டுத் தையுங்கள், ஏனென்றால் இருபது வயதைத் தாண்டியும் தோளும் மார்பும் விரிகிற பிள்ளைகள் உண்டு.

வளையலில்தான் பெரும்பாலோர் ஏமாந்துபோகிறார்கள். கடையில் 2.4, 2.6, 2.8 என்று சொல்லுவது தசம எண் அன்று. இரண்டு அங்குலமும், அதற்கு மேல் எத்தனை பதினாறில் ஒரு பங்கு என்பதுமே அந்தக் கணக்கு. 2.8 என்றால் உள்விட்டம் இரண்டரை அங்குலம். 2.10 அதைவிடப் பெரியது, 2.8-ஐவிடச் சிறியது என்று நினைத்துவிடக்கூடாது. பெருவிரலை உள்ளங்கைக்குள் மடித்து, விரல் கணுக்களின் மேல் கை அகலம் கூடுதலாக இருக்கும் இடத்தில் நாடாவைச் சுற்றி அளந்து, அதை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். ஆணாக வளர்ந்த கைகளுக்கு 2.10 அல்லது 2.12 வேண்டியிருக்கும். கண்ணாடி வளையலை வலிந்து ஏற்றாதீர்கள். செருப்பு விஷயமும் இப்படித்தான். பெண்கள் செருப்பு பெரும்பாலான கடைகளில் எட்டாம் எண்ணோடு முடிந்துவிடும், ஆகவே அதற்கு மேல் வேண்டுமானால் இருபாலருக்கும் பொதுவான தோல் செருப்புகளில் மெல்லிய வார் வைத்ததைத் தேடுங்கள். காது குத்தாமலே அழுத்திப் போடும் கம்மல் கிடைக்கிறது. பூவைப் பற்றி நான் சொல்லவேண்டுமா? தோவாளை பக்கத்தில் இருக்கும்போது நம் வீடுகளில் பிச்சிப்பூவுக்குக் குறைவில்லை. முடி குட்டையாக இருந்தால் சிறிய கிளிப்பில் சரத்தைக் கோத்துக் காதுக்குப் பின்னால் செருகிவிடலாம்.

முகத்துக்குச் சில சொற்கள். குளித்து முடித்து, முடி மென்மையாக இருக்கும்போது, வளரும் திசையிலேயே சவரம் செய்யவேண்டும். எதிர்த் திசையில் இழுத்தால் அன்று வழவழப்பாக இருக்கும், மூன்றாம் நாள் சிவந்த பருக்கள் கிளம்பும். தாடி இருந்த இடத்தில் தெரியும் நீலச் சாயலை மறைக்க எவ்வளவு பவுடர் போட்டாலும் சாம்பல் பூசியதுபோலத்தான் இருக்கும். ஆரஞ்சு சாயலுள்ள நிறத் திருத்திப் பூச்சு (கலர் கரெக்டர்) ஒன்றை மெல்லிதாகத் தடவி, அதன் மேல் தோல் நிறத்துக்கு ஏற்ற பூச்சைப் போட்டால் மறையும். புதிதாக வாங்கிய எந்தப் பூச்சையும் முதலில் முழங்கையின் உட்புறம் தடவி ஒருநாள் பார்த்துவிட்டுத்தான் முகத்தில் தொடவேண்டும். கண்மையும் சிறிய பொட்டும் போதும் என்று பிள்ளை சொன்னால் அதுவும் சரி.

வீட்டுக்குள்ளும் வெளியிலும்

உடுத்துவதற்கு ஒரு நேரமும் இடமும் பிள்ளைக்கு உறுதியாக வேண்டும். கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லையென்றால் முதலில் தாழ்ப்பாள் போடுங்கள். தட்டாமல் உள்ளே போகாதீர்கள். அலமாரியில் ஒரு தட்டை அந்த உடுப்புகளுக்கு ஒதுக்குங்கள், பரணில் மூட்டையாகக் கட்டி ஒளித்துவைக்கும் நிலை வேண்டாம். முதன்முதலாக உடுத்திக்கொண்டு வெளியே வந்து நிற்கும்போது நாம் செய்யவேண்டியது மிகக் குறைவு. எங்கள் வீட்டில் பிள்ளை மஞ்சள் குர்தாவோடு அடுக்களை வாசலில் வந்து நின்றபோது நான் கீழே குனிந்து, வலது பக்க ஓரத்தில் தொங்கிய ஒரு நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். "பின்னாடி நீளம் சரியா இருக்காம்மா?" என்று கேட்டது. "அரை இஞ்சு தூக்கணும்" என்றேன். ஆகா, தேவதை மாதிரி இருக்கிறாய் என்று புகழ்வதும் பிள்ளையைப் பார்வைப் பொருளாக்கிவிடும். அரங்கேற்றம்போல ஆக்காமல், மற்றப் பிள்ளைகளுக்கு உடுப்பு சரிபார்ப்பதுபோலச் சரிபாருங்கள்.

வெளியே போக விருப்பம் வந்தால் சொந்த ஊர்ச் சந்தையில் தொடங்கவேண்டாம். நாகர்கோவிலிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டரில் திருவனந்தபுரம் இருக்கிறது. தெரிந்த முகம் எதிர்ப்படும் வாய்ப்பு குறைவு. பகல் நேரத்தில், இருவராகவோ மூவராகவோ, இரண்டு மணி நேரத்துக்குள் முடியும் ஒரு வேலையோடு போங்கள். பையில் மாற்றுச் சட்டை ஒன்று இருக்கட்டும். கழிப்பறை எங்கே என்பதை முன்னரே யோசித்துக்கொள்ளுங்கள். சின்ன விஷயமாகத் தோன்றும். அந்தக் கவலையில் பிள்ளைகள் நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். யாராவது கேலி செய்தால் நாம் சண்டைக்கு நிற்கவேண்டுமா நகர்ந்துவிடவேண்டுமா என்பதையும் கிளம்பும் முன்னே பிள்ளையிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். என் பிள்ளை நகர்ந்துவிடலாம் என்றது. எனக்குக் கை துறுதுறுத்த இரண்டு சந்தர்ப்பங்களிலும் நகர்ந்தேன்.

படம் எடுப்பதில் கண்டிப்பு தேவை. பிள்ளையின் கைப்பேசியில், பிள்ளையின் விருப்பத்தோடு எடுத்த படங்கள் தவிர வேறெதுவும் வேண்டாம். அறிமுகமில்லாத ஒருவர் பாராட்டிப் பேசிப் படம் கேட்டு, பிறகு வீட்டாருக்கு அனுப்பிவிடுவேன் என்று மிரட்டிப் பணம் பறிப்பது நடக்கிறது. பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கவேண்டிய வாக்கியம் இதுதான்: "அப்படி யாரும் மிரட்டினால் பணம் கொடுக்காதே, என்னிடம் வா, எனக்கு ஏற்கனவே தெரியும்." பெற்றோருக்குத் தெரிந்துவிட்ட செய்தியை வைத்து மிரட்டமுடியாது. 1930 என்ற எண்ணில் இணையக் குற்றப் புகாரை உடனே பதிவு செய்யலாம்.

உறவினர் கேட்டால்

அப்பா வளைகுடா நாட்டில் இருக்கிற வீடுகள் நம்மிடம் அதிகம். வீடியோ அழைப்பில் திடீரென்று காட்டிவிடாதீர்கள். பிள்ளை அனுமதித்தால், அம்மா முதலில் தனியாகப் பேசவேண்டும். அந்தப் பேச்சு ஒருநாளில் முடியாது. எங்கள் வீட்டில் நான்கு மாதம் ஆயிற்று, அதில் மூன்று வாரம் அவர் அழைக்கவே இல்லை. பிறகு ஒருநாள், பிள்ளை சாப்பிட்டதா என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். அது சரியாகவும் இருந்தது.

ஊரில் கேட்பவர்களுக்கு நீளமாக விளக்கம் சொல்லவேண்டாம். "அவங்களுக்குப் பிடிச்சிருக்கு, எனக்கும் தெரியும்" என்ற இரண்டு துண்டுப் பேச்சுக்கு மேல் போகாமல் பழகிக்கொள்ளுங்கள். 'பெண் வேடமா' என்று கேட்டால், வேடம் என்ற சொல்லை நீங்கள் ஏற்கவேண்டாம். குலசேகரன்பட்டினம் தசராவில் நேர்ச்சைக்காகப் பெண் வேடம் கட்டுகிறவர்களும், கொல்லம் மாவட்டத்துக் கொற்றங்குளங்கரைக் கோயிலில் பெண் உடையில் விளக்கேந்தும் ஆண்களும் நமக்குப் புதியவர்கள் அல்லர். அவர்களை மதிக்கும் ஊர் நம் பிள்ளையையும் மதிக்கலாமே என்று சொல்லத் தோன்றும். நானும் சொல்லிப் பார்த்தேன். ஆனால் அது நேர்ச்சை, விழா முடிந்தால் கலைந்துவிடுவது. பிள்ளைக்கு இது அன்றாட உடுப்பு. இரண்டையும் ஒன்றாக்கினால் 'அப்படியென்றால் விழாவில் மட்டும் உடுத்தட்டும்' என்ற விடைதான் திரும்பி வருகிறது.

அதைவிட நம் மண்ணுக்குள்ளேயே வலுவான ஒரு விடை இருக்கிறது. யார் எதை உடுத்தலாம் என்பதற்காக நம் முன்னோர் அடிபட்ட மாவட்டம் இது. மேலாடை அணிந்ததற்காகக் கல்குளத்திலும் இரணியலிலும் சந்தைகளிலும் தெருக்களிலும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களின் குப்பாயத்தை, அதாவது மேல்சட்டையை, கிழித்தார்கள். தோள்சீலைப் போராட்டம் அரை நூற்றாண்டுக்கு நெருக்கமாக நீண்டு, 1859 ஜூலை 26-இல் திருவிதாங்கூர் அரசு அனுமதி அளித்தபோதுகூட, உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தக்கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டிருந்தது. 2023 மார்ச்சில் நாகர்கோவிலில் அதன் 200-ஆம் ஆண்டு விழாவுக்குத் தமிழ்நாடு, கேரளம் இரண்டின் முதலமைச்சர்களும் வந்தார்கள். அந்தப் போராட்டமும் என் பிள்ளையின் விருப்பமும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. சாதியின் பெயரால் அந்தப் பெண்கள் பட்ட அவமானத்தின் கனம் வேறு. ஆனால் 'உடுப்பில் என்ன இருக்கிறது, பேசாமல் ஆண் பிள்ளையாகவே உடுத்திவிட்டுப் போகட்டுமே' என்று வீட்டு ஆச்சி சொன்னபோது, அவருடைய பாட்டி எதற்காகச் சந்தைக்குப் போகாமல் இருந்தாள் என்று அவரே எனக்குச் சொன்ன கதையைத்தான் நான் நினைவூட்டினேன். அன்று ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் தன் பெட்டியிலிருந்து கசவு வைத்த ஒரு நேரியதை எடுத்துக் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போனார்.

சட்டத்தில் பிடிமானம் வேண்டுமென்றால், 2014 ஏப்ரல் 15-இல் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில், உடையின் வழியாகவும் நடத்தையின் வழியாகவும் ஒருவர் தன் பாலினத்தை வெளிப்படுத்துவது அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு தரும் கருத்துரிமைக்குள் அடங்கும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. பள்ளி, கல்லூரி நிர்வாகத்திடம் பேச நேர்ந்தால் அதன் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 18 வயதுக்குக் கீழான பிள்ளையின் செய்தியைப் பள்ளிக்குச் சொல்வதா என்பதைப் பிள்ளையோடு சேர்ந்தே முடிவெடுங்கள். நல்ல ஆசிரியர் ஒருவரை முதலில் பிள்ளையே அடையாளம் காட்டட்டும்.

மருந்து, மனம்

இணையத்தில் பார்த்துவிட்டுக் கருத்தடை மாத்திரைகளையும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரைகளையும் ரகசியமாக வாங்கிச் சாப்பிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அளவு தெரியாமல் உண்டால் இரத்தக் குழாயில் உறைகட்டி ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகும். பிள்ளைக்கு அந்த எண்ணம் இருந்தால் திட்டாதீர்கள். நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் ஒருவரிடம் இரத்தப் பரிசோதனையோடுதான் அது பேசப்படவேண்டியது என்பதைச் சொல்லி, நீங்களே கூடப் போங்கள். உடுப்பும் மருந்தும் ஒன்றோடொன்று கட்டுண்டவை அல்ல. வாழ்நாள் முழுவதும் உடுப்போடு மட்டும் நிறைவாக இருப்பவர்கள் உண்டு.

பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் ஒடுங்குவதைக் கண்டால் காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். 18 வயதுக்குக் கீழே என்றால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இருக்கிறது. பெற்றோருக்கும் அழுகை வரும். எனக்கு வந்தது, பிள்ளையின் முன்னால் அழுதால் அது தன் உடுப்பை மடித்து வைத்துவிடும் என்பது தெரிந்ததால், ஒரு தோழியின் வீட்டு முற்றத்தில் போய் அழுதேன். அவளுக்கு நான் காரணம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. காரணத்தைச் சொல்லாமலே உட்கார்ந்திருக்க இடம் தரும் ஒருவரை நீங்களும் முன்கூட்டியே கண்டுபிடித்து வையுங்கள்.

இந்த மார்கழியில் கிறிஸ்துமஸ் துணி எடுக்க நாங்கள் கிளம்பும்போது, வழக்கம்போல எந்திரத்தின் பக்கத்தில் இருந்த நோட்டில் பட்டியல் எழுதினேன். ஆச்சிக்குச் சேலை ஒன்று, அப்பாவுக்குச் சாரம் இரண்டு, எனக்கு நைட்டித் துணி. அடுத்த வரியை எழுத நோட்டைப் பிள்ளையிடம் நீட்டினேன். சட்டைத் துணி இரண்டேகால் மீட்டர், சுடிதார் துணி ஐந்து மீட்டர் என்று இரண்டையும் எழுதி, சுடிதாருக்கு எதிரில் அடைப்புக்குறிக்குள் 'பருத்தி, மஞ்சள் வேண்டாம், போன வருஷம் எடுத்தாச்சு' என்று குறித்திருந்தது.